தீர்ப்புக்குப் பிறகும் கொடுபடாத காசு: அரச தோட்டங்களின் கடனுக்கு யார் பொறுப்பு?

அரசுக்குச் சொந்தமான ஒரு தேயிலைத் தோட்டம் ஓய்வுபெற்ற தொழிலாளிக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொடுக்கவில்லை. தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிறது. நீதிமன்றம் பணத்தைக் கட்டச் சொல்கிறது. தோட்டத்தை நடத்தும் நிறுவனம் காசில்லை என்கிறது. தனியார் முதலாளி என்றால் இதற்குப் பிறகு சட்டம் அவருடைய சொத்தைத் தேடிப் போகும். இங்கே முதலாளி அரசு. வழக்குப் போட்ட திணைக்களம் அரசின் திணைக்களம். பணத்தை ஒதுக்கக்கூடிய திறைசேரியும் அரசுதான். தொழிலாளி மட்டுமே வெளியாள். அவர் கையில் ஒரு வெற்றி இருக்கிறது, பணம் இல்லை.

மலையகத்தில் இந்த நிலைமை மூன்று நிறுவனங்களைச் சுற்றியே பல வருடங்களாகப் பேசப்படுகிறது: மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை என்கிற ஜனவசம, இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பிளான்டேஷன்ஸ். முதல் இரண்டும் சட்டத்தால் உருவான அமைப்புகள். மூன்றாவது அரசுக்குச் சொந்தமான கம்பனி. மூன்றிலும் ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை ஆகியவற்றின் நிலுவை சேர்ந்துகொண்டே வந்தது. அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் குழு இதைக் கேட்டிருக்கிறது, தொழிற்சங்கங்கள் போராடியிருக்கின்றன. முதிர்ந்த மரங்களை விற்றோ காணிகளைக் குத்தகைக்கு விட்டோ கடனை அடைக்கலாம் என்ற யோசனைகளும் வந்தன. ஆனால் அரசுக்கு முழுவதும் சொந்தமான நிறுவனம் நீதிமன்றம் தீர்த்த கடனைக் கட்டாவிட்டால் அரசே கட்டவேண்டுமா என்ற அடிப்படைக் கேள்விக்கு இலங்கையில் யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை. கட்டவேண்டும் என்பதே என் பதில். எதிர்வாதத்திலும் பலம் உண்டு என்பதால் இரண்டையும் விரிவாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அரசு தோட்ட முதலாளியானது தற்செயலாக நடக்கவில்லை. அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரிடம் இருந்த பெருங்காணிகளை எடுத்தது. 1975 இன் திருத்தம் ஸ்டேர்லிங் கம்பனிகள் உட்படக் கம்பனிகளின் தோட்டங்களையும் எடுத்தது. நுவரெலியா, ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவ எல்லாம் ஒரே வீச்சில் அரச தோட்டங்களாயின. 1976 இல் ஜனவசம உருவானபின் இந்தத் தோட்டங்களில் பெரும்பகுதியை அந்த இரு நிறுவனங்களே நடத்தின. குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்கு, அதைப் பறித்த அரசே சம்பளம் கொடுக்கும் முதலாளியாகவும் ஆன காலம் அது.

1992 இல் அரசு திரும்பி நடந்தது. தோட்டங்களைக் கூறுபோட்டு இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளை உருவாக்கி, அவற்றின் முகாமையைத் தனியாருக்குக் கொடுத்தது. பெரும்பாலான கம்பனிகளின் குத்தகை 1992 யூன் 22 இலிருந்து கணக்கிடப்படுகிறது. 1995 முதல் பங்குகளும் கைமாறின. உயர்நாட்டுத் தேயிலைக்கு ஏலத்தில் நல்ல விலை உண்டு. நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களை எடுக்க ஆள் இருந்தது. கண்டி, மாத்தளை மலைகளின் இடைநிலத் தோட்டங்களில் பலவற்றை யாரும் விரும்பவில்லை. மண் கரைந்து, விதைத்தேயிலை முதிர்ந்து, விளைச்சல் குறைந்து கிடந்த அந்தத் தோட்டங்கள் அரசின் கையிலேயே தங்கின. ஆகவே இன்றைய ஜனவசமவையும் கூட்டுத்தாபனத்தையும் சந்தையில் தோற்ற இரண்டு வியாபாரங்களாகப் பார்ப்பது தவறு. நல்லதை விற்று நலிந்ததை வைத்துக்கொள்வது என்பது கொழும்பில் எடுத்த அரசியல் தீர்மானம். அந்தத் தீர்மானத்தில் கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தொழிலாளியிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அப்படியானால் கொடுபடாத பணம் எப்படிப்பட்ட பணம்? 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்படுகிறது. முதலாளி 12 வீதம் சேர்த்து நிதிக்கு அனுப்பவேண்டும். 1980 இன் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டம் இன்னும் 3 வீதத்தை முதலாளி மேல் வைக்கிறது. அந்த 8 வீதம் தொழிலாளியின் சொந்தக் காசு. சம்பளத் துண்டில் பிடித்ததாகக் காட்டிவிட்டு நிதிக்கு அனுப்பாமல் விடுவதைக் கடன் தாமதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறருடைய காசைக் கேளாமல் செலவழிப்பதுதான் அது. சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. தாமதம் கூடக்கூட மேலதிகக் கட்டணம் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை ஏறுகிறது.

பணிக்கொடை வேறு வகை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு, நாட்சம்பளக்காரர் என்றால், ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின் கணக்கில் சேரும். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். முப்பது வருடம் கொழுந்து பறித்து, நாளுக்கு 1,350 ரூபா சம்பளத்தில் ஓய்வு பெறும் ஒரு பெண்ணுக்கு இது 420 நாள் சம்பளம், 567,000 ரூபா. லயத்துக் கூரையை மாற்றவோ பேரப்பிள்ளையைப் படிக்கவைக்கவோ வட்டிக்காரரிடம் அடகு வைத்த நகையை மீட்கவோ அவருக்கு வாழ்நாளில் ஒரேயொரு முறை கையில் வரும் தொகை அது. தோட்டத்தில் மாத ஓய்வூதியம் என்று எதுவும் கிடையாது. ‘பென்சன் போனார்’ என்று தோட்டத்தில் சொன்னாலும் போனவர் நம்பியிருப்பது இந்தப் பணிக்கொடையையும் சேமலாப நிதியையும்தான். ஐந்து வருடம் தாமதித்துக் கொடுத்தால் அதே 567,000 ரூபாவின் வாங்கும் சக்தி என்னாகும் என்பதை 2022 இன் விலைவாசியைப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அதற்குள் இறந்துபோனவர்களின் கணக்கு வாரிசுகளின் தலையில் ஏறி, மரணச் சான்றிதழும் சத்தியக் கடதாசியுமாக இன்னும் நீள்கிறது.

வசூலிக்கும் வழி காகிதத்தில் பலமானது. சேமலாப நிதிச் சட்டத்தின் 38 ஆம் பிரிவு தொழில் ஆணையாளருக்கு இரண்டு கதவுகளைத் திறக்கிறது. ஒன்று மாவட்ட நீதிமன்றம். ஆணையாளர் சான்றிதழ் கொடுத்தால் நீதிமன்றம் பிஸ்கால் மூலம் முதலாளியின் சொத்தைப் பறித்து விற்க ஆணையிடலாம். அது சரிவராது என்றால் நீதவான் நீதிமன்றம். அங்கே நிலுவைத் தொகை ஒரு தண்டப்பணமாகவே கருதப்பட்டு வசூலிக்கப்படும். பணிக்கொடைக்கும் நீதவான் வழி உண்டு. வேலைநீக்கம் போன்ற பிணக்குகளுக்கு 1957 இன் திருத்தத்தால் வந்த தொழில் நியாய சபைகள் இருக்கின்றன. சாதாரணமாகக் கடன் கொடுத்தவர் யாருக்கும் கிடைக்காத வேகம் தொழிலாளிக்குக் கிடைக்கவேண்டும் என்றே இந்தச் சட்டங்களை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

அரச தோட்டத்தின் வாசலுக்கு வந்ததும் இரண்டு கதவும் சாத்திக்கொள்கின்றன. எதைப் பறித்து விற்பது? தொழிற்சாலையை விற்றால் கொழுந்து எடுக்க இடமில்லை. நாளைக்கு வேலையும் இல்லை. மலையை ஏலம் போட்டால் மலையோடு லயங்களும் போகும். தொழிலாளியின் கடனைத் தீர்க்கத் தொழிலாளியின் குடியிருப்பையே விற்கும் கூத்தில் அது முடியும். நீதவான் வழியில் தண்டம் கட்டாவிட்டால் சிறை என்று இருக்கிறது. யாரைச் சிறைக்கு அனுப்புவது? ஆட்சி மாறினால் தலைவர் மாறுகிறார், பணிப்பாளர் சபையும் மாறுகிறது. இன்று கூண்டில் நிற்பவர் நேற்றைய நிலுவைக்குக் காரணமானவராக இருக்கமாட்டார். பணத்தை ஒதுக்கும் அதிகாரமும் அவரிடம் இல்லை. அந்த அதிகாரம் உள்ள அமைச்சரும் திறைசேரிச் செயலாளரும் வழக்கில் தரப்பினரே அல்லர். எனவே தவணை கேட்கப்படுகிறது, தவணை கொடுக்கப்படுகிறது, தவணை தவறுகிறது. தொழில் அதிகாரிகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அரசின் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்து முறுக்கும் என்று எதிர்பார்க்கும் ஏற்பாடு இது, அவ்வளவுதான்.

அரசின் பக்கத்து வாதம் எளிது, பழையது. கம்பனி வேறு, பங்குதாரர் வேறு. 1896 இல் சலமன் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதை உறுதிப்படுத்தியது. கம்பனிச் சட்டம் உள்ள எல்லா நாடுகளிலும் இதுவே அத்திவாரம். தனியார் பங்குதாரருக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு அரசு பங்குதாரராக இருந்தால் மட்டும் ஏன் இல்லாமல் போகவேண்டும்? சர்வதேச வழக்குகளிலும் இதுவே பொது நிலை. கொங்கோவின் அரச சுரங்கக் கம்பனியான ஜெக்காமின் சம்பந்தப்பட்ட வழக்கில், அரசின் கடனை அந்தக் கம்பனியிடம் வசூலிக்க வந்தவர்களுக்கு 2012 இல் பிரிவி கவுன்சில் இடம் கொடுக்கவில்லை. தனியாக இயங்கும் கம்பனியை அரசோடு ஒன்றாக்க மிக அசாதாரணமான கலப்பு இருக்கவேண்டும் என்றது. ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணைக்குழு 2001 இல் முடித்த அரச பொறுப்பு விதிகளின் விளக்கமும், அரசு சொந்தக்காரர் என்பதாலேயே கம்பனியின் செயல் அரசின் செயலாகிவிடாது என்கிறது. இந்த வாதத்தை எடுத்தெறிந்து பேசமுடியாது. எல்லா அரச கம்பனிகளின் எல்லாக் கடனுக்கும் வரி செலுத்துவோர் பொறுப்பென்றால், மோசமான வியாபாரத்துக்குக் கடன் கொடுத்த வங்கிக்கும் நாம்தான் கட்டவேண்டிவரும்.

ஆனால் ஜெக்காமின் வழக்கில் வாசலில் நின்றது பழைய கடன்களை வாங்கி இலாபம் பார்க்கும் முதலீட்டு நிதியம். நம் கேள்வியில் நிற்பவர் கூலிக்காரர். இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகப் பார்த்தது ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம். தீர்ப்பை நிறைவேற்றுவதும் விசாரணையின் ஓர் அங்கமே, நிறைவேறாத தீர்ப்பு நியாயமான விசாரணைக்கான உரிமையை வெறும் சொல்லாக்கிவிடும் என்று 1997 இல் ஹோர்ன்ஸ்பி எதிர் கிரேக்கம் வழக்கில் அது சொன்னது. 2002 இல் புர்தோவ் எதிர் ரஷ்யா. செர்னோபில் விபத்துக்குப் பின் துப்புரவுப் பணியில் உடல் கெட்ட ஒருவருக்குத் தீர்ப்பான இழப்பீட்டை, நிதி இல்லை என்ற சாட்டில் அரசு தள்ளிப்போட முடியாது என்றது.

அங்கிருந்து அடுத்த படி நம் விடயத்துக்கு மிக அருகில் வருகிறது. 2004 இன் மிகாய்லென்கி எதிர் உக்ரேன் வழக்கு. செர்னோபில் விலக்கு வலயத்துக்குள் கட்டட வேலை செய்த அரச கம்பனியின் தொழிலாளர்கள் சம்பள நிலுவைக்கு உள்நாட்டு நீதிமன்றங்களில் வென்றார்கள். பணம் வரவில்லை. கம்பனியின் சொத்தைப் பறிக்கலாம் என்றால் அது கதிரியக்கம் படிந்த வலயத்தில் கிடக்கிறது. வெளியே எடுக்க அரசே தடை விதித்திருந்தது. கம்பனிக்கு வேலை கொடுத்ததும் அரசு, கம்பனிக்குக் கடன்பட்டதும் அரசு. கம்பனி சட்டப்படி தனி நபர் என்று உக்ரேன் வாதிட்டது. நீதிமன்றம் காகிதத்தைத் தாண்டிப் பார்த்தது. அந்தக் கம்பனிக்கு அரசிடமிருந்து நிறுவன ரீதியாகவும் செயற்பாட்டிலும் உண்மையான சுதந்திரம் இருந்ததா என்று கேட்டது. இல்லை என்று கண்டது. கடன் அரசின் கடன் என்றது. சேர்பியாவின் நோவி பசார் நகரத்து ஆலைத் தொழிலாளர்கள் கொண்டுவந்த கச்சப்போர் வழக்கில், 2008 இல், தீர்ப்பான தொகையை அரசு தன் சொந்த நிதியிலிருந்தே கட்டவேண்டும் என்று உத்தரவிட்டது. 2010 இன் யெர்ஷோவா எதிர் ரஷ்யா வழக்கில் யாகுட்ஸ்க் நகராட்சியின் வெப்பமூட்டும் கம்பனிக்கும் இதே அளவுகோல்.

எல்லா வழக்கிலும் தொழிலாளி வெல்லவேண்டும் என்பது அந்த அளவுகோல் அல்ல. நிறுவனம் தன் காலில் நின்று வியாபாரம் செய்தால் அரசு தப்பலாம். தலைவரை அமைச்சர் நியமிக்கிறார், காணி அரசுடையது, விற்கவும் குத்தகைக்கு விடவும் அமைச்சரவை அனுமதி வேண்டும், ஊழியரை அரசியல்வாதி நுழைக்கிறார், சம்பளத்தைச் சம்பள நிர்ணய சபை தீர்மானிக்கிறது, நட்டத்தைத் திறைசேரி நிரப்புகிறது என்று வந்தால் தப்ப முடியாது. ஜனவசமவையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தையும் இந்த அளவுகோலில் வைத்தால் முடிவு என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐரோப்பா தூரம். நமக்குப் பக்கத்து இந்தியாவில் விடை ஒரே சீராக இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். 2003 இல் இந்திய உச்ச நீதிமன்றம் பிந்தால் வழக்கில், அரச கம்பனி ஊழியர் அரச ஊழியர் அல்லர், சம்பள உயர்வுக்கு அரசைக் கேட்கமுடியாது என்றது. அதே வருடம் கபிலா ஹிங்கோரானி வழக்கில் பீகார் மாநிலத்தின் பொதுத்துறை நிறுவன ஊழியர்கள் வருடக்கணக்கில் சம்பளமின்றிப் பட்டினியால் செத்ததைக் கண்டு, கம்பனி வேறு அரசு வேறு என்ற திரையை விலக்கியது. பீகார் அரசு 50 கோடி இந்திய ரூபாவை வைப்பிடவேண்டும் என்று ஆணையிட்டது. உயிர்வாழும் உரிமைக்கு முன்னால் அந்தத் திரை நிற்காது என்பதே அதன் சாரம். 2009 இல் அசாமின் பராக் பள்ளத்தாக்குப் பால் கூட்டுறவுச் சங்க ஊழியர் வழக்கில் நீதிமன்றம் பின்வாங்கியது. கபிலா வழக்கின் கட்டளைகள் இடைக்காலத்தவை, கூட்டுறவுச் சங்கத்தின் சம்பளத்துக்கு மாநிலம் பொறுப்பல்ல என்றது. அது கூட்டுறவு என்பதை மறக்கக்கூடாது. அரசு அதன் சொந்தக்காரர் அல்ல.

தேயிலைக்கே வருவோம். இந்தியாவில் கைவிடப்பட்ட தோட்டங்களின் தொழிலாளர் நிலுவை பற்றிச் சர்வதேச உணவு, விவசாயத் தொழிலாளர் சங்கம் 2006 இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 இல் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. கொடுபடவில்லை. அவமதிப்பு வழக்கு வந்தது. ஓய்வுபெற்ற நீதியரசர் சப்ரேயின் குழு தோட்டம் தோட்டமாகக் கணக்கெடுத்தது. அசாமில் 25 தோட்டங்கள், 28,556 தொழிலாளர்கள், சுமார் 414 கோடி இந்திய ரூபா. அதற்கு மேல் சேமநல நிதி நிலுவை. அந்த 25 தோட்டங்களில் 15 அசாம் தேயிலைக் கூட்டுத்தாபனத்தினுடையவை, அதாவது மாநில அரசின் சொந்தக் கம்பனி. கூட்டுத்தாபனத்திடம் பணமில்லை என்ற வாதம் அங்கும் வந்தது. 2024 இன் இறுதியில் நீதிமன்றம் அசாமின் தலைமைச் செயலாளரையே நேரில் வரச் சொன்னது. கூட்டுத்தாபனத்தின் சொத்தை விற்கவேண்டிவரும் என்று எச்சரித்தது. மாநில அரசு பணம் விடுவிக்க இணங்கியது. 2010 இலிருந்து 2024 வரை பதினான்கு வருடம். இடையில் எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்கள்? ஆனாலும் ஒன்று நடந்தது: கம்பனித் தலைவரை விட்டுவிட்டு அரசின் தலைமை அதிகாரியைக் கூப்பிட்டதும் பணம் அசைந்தது.

நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைக் கம்பனியான டேன்டீ இருக்கிறது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், பின்னர் கம்பனியானது. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், வால்பாறை மலைகளில் அதன் தோட்டங்கள். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கொழுந்து பறித்தவர்களும் அவர்களின் பிள்ளைகளுமே அங்கும் கொழுந்து பறித்தார்கள். நட்டம் வந்தபோது அங்கும் ஓய்வுபெற்றவர்களின் பணிக்கொடை தேங்கியது. தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து ஒதுக்கீடு செய்து ஓய்வுகாலப் பணத்தைக் கொடுக்க முன்வந்தது. தாமதமாக, போராட்டங்களுக்குப் பின்புதான். ஆனால் இது கம்பனியின் கடன், எங்களுடையது அல்ல என்று சொல்லிக் கதவைச் சாத்தவில்லை. ஒரே வேரிலிருந்து பிரிந்த குடும்பங்கள், இரு நாடுகளில், இரு அரச தோட்டங்களில். இந்த ஒப்பீட்டை மலையகத்தில் யாரும் பெரிதாக எடுத்துப் பேசாதது எனக்கு வருத்தமே.

இலங்கைச் சட்டத்துக்குள்ளேயே பிடிகொம்பு இல்லாமல் இல்லை. 1987 இல் ராஜரத்ன எதிர் எயார் லங்கா வழக்கில் உயர் நீதிமன்றம், கம்பனிச் சட்டத்தில் பதிந்த எயார் லங்கா அரசின் ஆழமான கட்டுப்பாட்டில் இருப்பதால் அது அரசின் கருவியே, அதன் செயல் நிர்வாகச் செயலே என்று தீர்த்தது. கம்பனி என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒளிந்து அடிப்படை உரிமைகளிலிருந்து அரசு நழுவமுடியாது என்பதே அதன் பொருள். விமானக் கம்பனிக்கே இது பொருந்தினால் பாராளுமன்றச் சட்டத்தால் பிறந்த தோட்டக் கூட்டுத்தாபனத்துக்குப் பொருந்தாமல் போகாது. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமம் என்கிறது. தனியார் தோட்டத் தொழிலாளியின் தீர்ப்பு நிறைவேறும், அரச தோட்டத் தொழிலாளியின் தீர்ப்பு நிறைவேறாது என்பது அந்தச் சமத்துவத்தை மீறுகிறது என்று வாதிட இடமுண்டு.

தடை, நடைமுறையில். 126 ஆம் உறுப்புரைப்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996 இன் ஆணைக்குழுச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. தெல்தோட்டை லயத்திலிருந்து புதுக்கடை நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் யார் போவார்கள்? சங்கங்கள் கூட்டாக எடுத்துப் போகவேண்டிய வழக்கு இது. நாட்டுக்கு வெளியே போகும் வழியும் ஒடுங்கியது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980 இல் சேர்ந்தது. உரிமை மீறலுக்குக் கிடைத்த பரிகாரத்தை அதிகாரிகள் நடைமுறைப்படுத்த உறுதிசெய்யவேண்டும் என்று அதன் 2 ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் தனிநபர் முறைப்பாட்டுக்கு வழிவிட்ட விருப்ப நெறிமுறையில் 1997 இல் சேர்ந்தது அரசியலமைப்புக்கு முரண் என்று 2006 இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றமே தீர்த்துவிட்டது. ஆகவே ஜெனிவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைக் குழுவை நம்பி உட்காரமுடியாது.

கம்பனி வேறு, அரசு வேறு என்பதை இலங்கை அரசு எல்லா இடத்திலும் கடைப்பிடித்ததா? ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் வெளிநாட்டுச் சந்தையில் எடுத்த 17.5 கோடி டொலர் கடன் பத்திரத்துக்கு அரசு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அரச வங்கிகளிடம் பட்ட டொலர் கடனை, 2022 இன் நெருக்கடிக்குப் பின் திறைசேரி தன் கணக்குக்கே மாற்றிக்கொண்டது. வங்கிகள் விழுந்துவிடும் என்பதால் அதற்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இடங்களில் திரை விலக்கப்பட்டது என்பதே உண்மை. கடன் கொடுத்தவர் வங்கியாகவும் பத்திரக்காரராகவும் இருந்தபோது அரசே முன்னால் வந்து நின்றது. கடன் கொடுத்தவர் தன் உழைப்பைக் கடனாகக் கொடுத்த கொழுந்து பறிக்கும் பெண் என்றால் மட்டும் சலமன் வழக்கு நினைவுக்கு வருகிறது. இதைச் சட்டக் கோட்பாடு என்று என்னால் ஏற்கமுடியாது. இது பாகுபாடு.

பணமில்லை என்ற பதிலுக்கும் இப்போது பழைய பலமில்லை. 2026 இன் வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 இலிருந்து 1,550 ஆகும் என்றும், அதற்கு மேல் நாளுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவை அரசே தரும் என்றும் அறிவிக்கப்பட்டது. அதாவது தனியார் கம்பனிகள் நடத்தும் தோட்டங்களின் தொழிலாளருக்குக்கூடத் திறைசேரி பணம் கொடுக்கிறது. வரவேற்கவேண்டிய உதவி. ஆனால் உதவி அரசின் விருப்பம். தீர்ப்பான கடன் அரசின் கடமை. கடமை நிலுவையில் கிடக்கும்போது விருப்பம் முன்னால் போகக்கூடாது.

என் வாதத்துக்கு எல்லை உண்டு. ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களை நடத்தும் பிராந்தியக் கம்பனிகளில் திறைசேரிச் செயலாளருக்குச் சிறப்பு அதிகாரம் தரும் ஒரு பொன் பங்கு உண்டு, காணியும் அரசுடையது. அதனால் அவற்றின் கடனும் அரசின் கடன் என்று நான் சொல்லவில்லை. அங்கே சொந்தக்காரரும் முகாமையும் தனியார், சொத்து இருக்கிறது, சட்டத்தின் வழி அங்கே வேலை செய்யவேண்டும். செய்யாத இடத்தில் அரசைக் குத்தகைக்காரரை அடக்காத காணிக்காரராகக் கேள்வி கேட்கலாம், கடன்காரராக அல்ல. அதேபோல் அரச தோட்டத்துக்கு உரம் விற்றவர், லொறி வாடகைக்கு விட்டவர் எல்லாரும் வரிசையில் நின்று திறைசேரியைக் கேட்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. அவர்கள் ஆபத்தை அறிந்து வியாபாரம் செய்தவர்கள். விலையில் அந்த ஆபத்தைச் சேர்த்திருப்பார்கள். தொழிலாளிக்கு அந்தத் தெரிவு இல்லை. லயத்தில் பிறந்தவர், அதே செக்ரோலில் பேர் விழுந்தவர்.

திறைசேரி கட்டிவிடும் என்று தெரிந்தால் கூட்டுத்தாபன நிர்வாகிகள் இன்னும் அலட்சியமாவார்கள் என்ற பயம் நியாயமானது. அதற்கு மருந்து தொழிலாளியைக் காத்திருக்க வைப்பது அல்ல. திறைசேரி முதலில் கட்டட்டும். பிறகு கூட்டுத்தாபனத்தின் தேயிலை ஏல வருமானத்திலிருந்தும் மர விற்பனையிலிருந்தும் குத்தகைக் காசிலிருந்தும் அதைத் திருப்பி எடுக்கட்டும். பிடித்த 8 வீதத்தை அனுப்பாத பணிப்பாளர்மீது தனிப்பட்ட வழக்கும் நடக்கட்டும். இப்போது இருப்பது நேர்மாறான ஏற்பாடு: திறைசேரியும் கூட்டுத்தாபனமும் ஆறுதலாகக் கணக்குப் பார்க்க, அவர்களுக்கிடையிலான வட்டியில்லாக் கடனைத் தொழிலாளி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதற்குப் பெரிய அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. சேமலாப நிதிச் சட்டத்திலும் பணிக்கொடைச் சட்டத்திலும் ஒரு பிரிவு போதும்: அரசுக்கு முழுவதும் சொந்தமான நிறுவனத்துக்கு எதிரான சான்றிதழோ தீர்ப்போ குறித்த காலத்துக்குள் நிறைவேறாவிட்டால், தொழில் ஆணையாளர் அதைத் திறைசேரிச் செயலாளருக்கு அனுப்பவேண்டும், திறைசேரி அடுத்த காலாண்டுக்குள் கட்டவேண்டும். அதுவரை, வரவு செலவுத் திட்டத்தில் பெருந்தோட்ட அமைச்சின் தலைப்பின் கீழ் தீர்ப்பான கடனுக்கென்று தனி ஒதுக்கீடு. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் இறந்தவர்களின் வாரிசுகளுக்கும் முதலிடம். சில தோட்டங்களில் லயத்து அறையைக் காலி செய்தால்தான் பணிக்கொடை என்று வைக்கப்படும் நிபந்தனைக்கும் அதே பிரிவில் தடை.

நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களிலிருந்து மலையக மக்களின் வாக்கில் பாராளுமன்றம் சென்றவர்கள், கட்சி எதுவானாலும், அடுத்த ஒதுக்கீட்டு விவாதத்தில் ஒரு பட்டியலைச் சபையில் வைக்கும்படி கேளுங்கள். மூன்று அரச நிறுவனங்கள், தோட்டம் தோட்டமாக, எத்தனை பேருக்கு, எந்த வருடத்துத் தீர்ப்பு, எவ்வளவு தொகை, வட்டியோடு எவ்வளவு. அசாமில் அப்படியொரு பட்டியல் கையில் வந்த பிறகே நீதிமன்றத்தால் தலைமைச் செயலாளரைக் கூப்பிட முடிந்தது. இங்கே அந்தக் கணக்கு தொழில் திணைக்களத்தின் கோவைகளிலும் தோட்டக் கந்தோர்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. கேட்டால் கொடுக்கவேண்டிய கடப்பாடு அமைச்சருக்கு உண்டு.